வறண்ட காற்றும் கெட்ட நித்திரையும்

நித்திரை வராதவனின் துன்பத்தை உலகம் அறியும். நித்திரை வந்தும் அதன் பயனைப் பெறாதவனின் துன்பத்தை அவனுடைய வீட்டார்கூட எளிதில் அறிவதில்லை. அவன் குறட்டை விடுவதைக் கேட்டு, 'எவ்வளவு நல்ல நித்திரை!' என்று சிரித்துவிட்டுப் போகிறோம். அக்குறட்டையின் நடுவே சில வேளைகளில் சுவாசமே நின்றுவிடுகின்றது என்பதை நாம் கவனிப்பதில்லை.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அவை அளவு மீறித் தளர்ந்து மூச்சு வழியையே அடைத்துவிடுகின்றன. பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்று உட்செல்வதில்லை. மூளை திடுக்கிட்டு அவனை அரைகுறையாய் எழுப்புகின்றது. அவன் ஒருமுறை திணறி மூச்செடுத்து மீண்டும் உறங்குகிறான். இவ்வாறு மணிக்குப் பல முறை நிகழ்ந்தாலும், காலையில் அவனுக்கு ஒன்றும் நினைவிருப்பதில்லை. பகலெல்லாம் சோர்வும் தூக்கமும் மாத்திரமே மிஞ்சுகின்றன. இதற்கு அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் என்பவரும் அவருடைய துணைவர்களும் ஒரு வழி கண்டு, 1981ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். மூக்கின்மேல் பொருத்திய முகமூடி வழியாக இடைவிடாது சிறிதளவு அமுக்கத்துடன் காற்றைச் செலுத்தினால், அக்காற்றே முட்டுக்கொடுத்தாற்போல் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும். 'சீபாப்' என இன்று பலரும் வழங்கும் இயந்திரம் இதுவே.

சென்ற தை மாதத்தில், ரொறன்ரோ நகரில் வாழும் எனது தமையனாரின் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அவருக்கும் வைத்தியர் இவ்வியந்திரத்தைக் கொடுத்திருந்தார். ஆனால் அது கட்டிலின் கீழே பெட்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. தமையனாரோ மேலே கிடந்து திணறிக்கொண்டிருந்தார்.

"உது எனக்குச் சரிவராது, தம்பி" என்றார். "மாரி தொடங்கியதும் தொண்டை வறண்டு, மூக்கில் இரத்தமும் கசிந்தது. ஈரமூட்டியைக் கூட்டி வைத்தேன். பிறகு குழாய்க்குள் தண்ணீர் தேங்கிக் களகளவென்று சத்தமிட்டு, நடுச்சாமத்தில் என் மூக்கிலேயே தெறித்தது. சில நாட்களில் விடியுமுன்பே தண்ணீர் வற்றியும் போயிற்று. மூன்று விதமாகப் பழுதாகும் இயந்திரத்தை வைத்து நான் என்ன செய்வது?"

அன்று மாலை பெறாமகள் என்னைத் தனியே அழைத்து ஒரு செய்தி சொன்னாள். இரண்டு வாரங்களுக்கு முன், வேலை முடிந்து அவளையும் ஏற்றிக்கொண்டு வரும் வழியில், சிவப்பு விளக்கில் காரை நிறுத்திய தந்தை அப்படியே உறங்கிவிட்டாராம். பின்னால் நின்ற வாகனத்தின் ஒலி கேட்டே விழித்தாராம். "நின்றபடி உறங்கியதால் தப்பினோம், சித்தப்பா. ஓடும்போது உறங்கினால்?" என்றாள். அதற்கு மேல் அந்தப் பெட்டியைக் கட்டிலின் கீழே விட்டுவைக்க எனக்கு மனம் இடங்கொடுக்கவில்லை.

வெளியே முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. இத்தனை பனியின் நடுவே காற்று எவ்வாறு வறண்டது? மாணாக்கர்கள் இங்கே தங்கள் பௌதிக பாடத்தை நினைவுகூர வேண்டும். காற்று குளிரக் குளிர, அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு குறைகின்றது. பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் காற்று 2 கிராமுக்குச் சற்று மேலான நீராவியையே தாங்கும். அதே காற்றை வீட்டுக்குள் 21 பாகைக்குச் சூடாக்கினால் 18 கிராம் வரை தாங்கக்கூடும். ஆனால் சூடு வந்ததேயன்றி ஈரம் வரவில்லை. சமையலாலும் வீட்டாரின் மூச்சாலும் சிறிது சேர்ந்து 3 கிராம் ஆயிற்று என்று கொள்வோம். அப்பொழுதும் அதன் சாரீரப்பதன், அதாவது தாங்கக்கூடியதில் உள்ள பங்கு, நூற்றுக்கு 17ஐ எட்டாது. அத்தகைய காற்று கண்ட இடமெல்லாம் ஈரத்தை உறிஞ்சும்; உதட்டையும் மூக்கையும் விட்டுவைக்குமா?

இனி இயந்திரத்தின் கணக்கைப் பார்ப்போம். வெளிவிடும் மூச்சு அகலுவதற்காக முகமூடியிலே சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே இரவு முழுவதும் காற்று வெளியேறியபடி இருக்கும். 10 சென்ரிமீற்றர் நீரமுக்கத்தில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 35 லீற்றர் எனலாம். எட்டு மணி நேரத்தில் 16,800 லீற்றர், அதாவது 16.8 கன மீற்றர். 3 கிராம் ஈரமுள்ள காற்றை 21 கிராமுக்கு உயர்த்த, ஒவ்வொரு கன மீற்றருக்கும் 18 கிராம் நீர் தேவை. பெருக்கினால் ஏறக்குறைய 300 கிராம். சிறிய தொட்டி கொள்ளும் நீர் அநேகமாக அவ்வளவே. முகமூடி சரியாகப் பொருந்தாமல் மேலும் காற்றுக் கசிந்தால், விடியுமுன் தொட்டி வற்றுவதில் வியப்பென்ன?

குழாயில் நீர் தேங்கியது ஏன்? எரிபொருட் செலவைக் குறைக்க எண்ணித் தமையனார் இரவில் வீட்டின் வெப்பத்தை 17 பாகைக்கு இறக்கிவிடுவார். அவ்வெப்பத்தில் காற்று 14 கிராமுக்குச் சற்று அதிகமான நீராவியையே தாங்கும். 21 கிராமோடு புறப்பட்ட காற்று குளிர்ந்த குழாயின் ஊடாக வரும்போது எஞ்சியதை என்ன செய்யும்? நீர்த்துளியாக உதிர்க்கும். நம்மூரில் மார்கழி விடியற்காலையில் புல்லின் நுனியில் நிற்கும் பனித்துளியும், தமையனாரின் மூக்கில் தெறித்த நீரும் ஒரே விதியின் பிள்ளைகள். மூன்று பழுதுகள் என்று அவர் எண்ணியவற்றுள் ஒன்றேனும் இயந்திரத்தின் பழுதன்று.

காரணம் தெரிந்தபின் பரிகாரம் கடினமன்று. படுக்கையறையின் வெப்பத்தை இரவிலும் 20 பாகைக்குக் குறையாமல் வைத்தோம். அறைக்கென ஒரு தனி ஈரமூட்டியும், ஈரத்தை அளக்கும் சிறு கருவியும் வாங்கி, சாரீரப்பதனை நூற்றுக்கு 35 முதல் 40 வரை வைத்துக்கொண்டோம். அறைக் காற்றே ஈரமாய் இருந்தால் இயந்திரத் தொட்டியின் சுமை குறையுமன்றோ? யன்னற் கண்ணாடியில் நீர் வடியத் தொடங்கினால் அளவைக் குறைத்தல் வேண்டும். இல்லாவிடின் சுவரிற் பூஞ்சணம் பிடிக்கும். இயந்திரத்தைத் தலையணையின் மட்டத்துக்குக் கீழே வைத்தோம். குழாயில் நீர் சேர்ந்தாலும் அது முகத்துக்கு வராமல் தொட்டிக்கே திரும்பிவிடும். மச்சாள் பழைய கம்பளித் துணியால் குழாய்க்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தார். பின்னர், இயந்திரம் கொடுத்தவர்களிடம் கேட்டு, உள்ளே வெப்பக் கம்பி ஓடும் குழாயொன்றை வாங்கிப் பொருத்தினோம். ஈரமூட்டியின் அளவை இரவுக்கு ஒரு படியாகவே கூட்டினோம்.

மற்றொன்றும் கண்டோம். தமையனார் வாயைத் திறந்தபடி உறங்குபவர். மூக்கு வழியே புகும் காற்று வாய் வழியே ஓடிவிட்டால், வெளிமூச்சிலிருந்து மூக்கு மீட்டுக்கொள்ளும் ஈரமும் கிடைக்காமற் போகும். எவ்வளவு நீர் ஊற்றினாலும் வறட்சி தீராது. வைத்திய நிலையத்தார் அவருக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடியைக் கொடுத்தார்கள்.

தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. கொதிக்கவைத்து ஆறிய நீர் போதாதா என்று மச்சாள் கேட்டார். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்த கேத்தலின் உட்புறத்தை நினைத்துப் பாருங்கள் என்றேன்; அவ்வெண்படலமே தொட்டியிலும் படியும். மிஞ்சிய நீரைக் காலைதோறும் ஊற்றிவிட்டு, மென்மையான சவர்க்காரத்தாற் கழுவி உலரவிடுதல் வேண்டும். பழைய நீரின்மேல் புதிய நீர் ஊற்றுதல் கிருமிகளுக்கு விருந்து வைப்பதாகும். நீரோடு இயந்திரத்தைத் தூக்கிச் செல்வதும் ஆகாது. நீர் உள்ளே புகுந்து இயந்திரம் கெட்டுவிடும்.

முதலிரு இரவுகளில் தமையனார் முணுமுணுத்தார். ஐந்தாம் நாள் காலை, ஏழு மணி நேரம் அணிந்திருந்ததாக இயந்திரத்தின் கணக்கு காட்டியது. அவர் ஒன்றும் சொல்லாமல் தேநீர் அருந்தினார். அன்று மாலை தொலைக்காட்சியின் முன் அவர் தூங்கிவிழவில்லை என்பதைப் பெறாமகளே முதலிற் கவனித்தாள்.

நிற்க. இயந்திரத்தின் அமுக்கத்தைத் தாமே மாற்றுதல் எவர்க்கும் தகாது. அது வைத்தியரின் பொறுப்பு. மூக்கில் இரத்தம் தொடர்ந்து வந்தாலும் அவரிடமே செல்ல வேண்டும். குளிரூட்டிய அறையில் இவ்வியந்திரத்தை அணிந்து உறங்கும் கொழும்பு வாசகர்களும் குழாயில் நீர் காணக்கூடும். அவர்களுக்கும் மேற்கூறிய காரணமும் பரிகாரமுமே பொருந்தும்.

ஒரு கருவி துன்பம் தந்தால் அதனை எறிந்துவிடுவது எளிது. ஏன் துன்பம் தருகின்றது என்று கேட்பது சற்றுக் கடினம். ஆயினும் அக்கேள்வியைக் கேட்கப் பழகுவதற்காகவே நாம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம். குளிர்நாடுகளில் உங்கள் உறவினர் பலர் இருக்கலாம். அடுத்த முறை தொலைபேசியில், 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்ட பின், 'இரவில் நன்றாக மூச்செடுத்து உறங்குகிறீர்களா?' என்றும் கேளுங்கள்.