வேண்டாம் எனச் சொல்லும் துணிவு

1942 பிப்ரவரி 17. ஜப்பானியரிடம் சரணடைந்த பிரிட்டிஷ் படையின் இந்தியச் சிப்பாய்கள் சுமார் 40,000 பேர் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் திடலில் திரட்டப்பட்டனர். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைக்க, அவர் கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். ஒரே நாளில் பெரும்படை கைக்கு வந்தது.

பிரிட்டிஷ் படையில் எடுத்த உறுதிமொழியை மோகன் சிங் மீறினார் என்ற விமர்சனம் உண்டு. ஆனால் அவரது குணம் வெளிப்பட்டது அந்த டிசம்பரில்தான். இந்தியாவின் விடுதலை குறித்து ஜப்பான் தெளிவான உறுதி தராதபோது அவர் தலையாட்டவில்லை. தாம் கைதானால், அந்தச் சிப்பாய்களைக் கொண்டு தாம் அமைத்த இந்திய தேசிய இராணுவம் கலைக்கப்படும் என்று உத்தரவு எழுதிவைத்தார், கைதும் ஆனார்.

வேண்டாம் எனச் சொல்லாதவர்களும் உண்டு. 2024 அக்டோபரில் இதே சிங்கப்பூரில் முன்னாள் அமைச்சர் எஸ்.ஈஸ்வரனுக்கு 12 மாதச் சிறை விதிக்கப்பட்டது. பதவியில் இருந்தபோது விலையுயர்ந்த பரிசுகளைப் பெற்றதையும் நீதிக்கு இடையூறு செய்ததையும் அவர் ஒப்புக்கொண்டார். அரசுத்தரப்பு கேட்டது ஆறு, ஏழு மாதம்தான். நீதிமன்றம் அதற்கும் மேல் சென்றது.

சட்டம் தன் கடமையைச் செய்தது. ஆனால் தவறு நடந்த பிறகே சட்டம் வரும். நீட்டப்படும் பரிசை மறுக்க வேண்டியவர் தலைவர்தான். சங்கத் தேர்தலானாலும் பொதுத் தேர்தலானாலும் வேட்பாளரின் திறமையோடு இதையும் கேட்போம்: கொள்கைக்காக இவர் எதையாவது இழந்திருக்கிறாரா?