சினமும் நீதியும்

இளம்பெண் ஒருத்தி கொலையுண்டாள் என்ற செய்தி வரும் நாளில் வீடுதோறும் இரண்டு குரல்கள் எழுகின்றன. "அந்தப் பாவியைச் சும்மா விடக்கூடாது" என்பது ஒன்று. "அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை?" என்பது மற்றொன்று. முதற்குரல் சினத்தில் பிறப்பது. இரண்டாவது அச்சத்தில் பிறப்பது. நம் வீட்டுப் பெண் அந்நேரத்தில் அங்கே போகமாட்டாள், ஆகவே நமக்கு அத்தீங்கு நேராது என்று நெஞ்சைத் தேற்றிக்கொள்ளும் அச்சம் அது. பிறந்த மண்ணை விட்டு வேற்றுமொழி வழங்கும் நகரங்களில் வாழும் நாம் இவ்விரு குரல்களையும் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். நம் பெண்கள் இரவுப் பணி முடிந்து தனியே வீடு திரும்புகிறார்கள். நம் பிள்ளைகள் மொழி அரைகுறையாகத் தெரிந்த ஊரில் அந்நியராக நடமாடுகிறார்கள். தீங்குக்கு ஆளாகிறவரும் நம்மில் ஒருவராக இருக்கலாம். சந்தேகத்துக்கு ஆளாகிறவரும் நம்மில் ஒருவராக இருக்கலாம்.

2019 நவம்பர் 27ஆம் நாள் ஹைதராபாத் நகருக்கு அருகே நடந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய இளம்பெண் ஒருவர் ஷம்ஷாபாத் சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் தமது ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வெளியே சென்றார். இரவு ஒன்பது மணிக்கு மேல் திரும்பி வந்தபோது வண்டியின் சக்கரத்தில் காற்று இல்லை. அச்சமாக இருக்கிறது என்று தங்கையிடம் தொலைபேசியில் சொன்னார். சிறிது நேரத்தில் அந்தத் தொலைபேசி அடங்கிவிட்டது. மறுநாள் காலை ஷாத்நகர் அருகே சட்டான்பள்ளியில் ஒரு பாலத்தின் கீழ் அவருடைய உடல் எரிந்த நிலையில் கிடைத்தது.

அன்றிரவு அவரைத் தேடிப் பெற்றோர் போலீஸ் நிலையத்துக்கு ஓடினார்கள். "இது எங்கள் எல்லையைச் சேர்ந்ததன்று" என்ற பதில் கிடைத்தது. ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்துக்கு அலைந்ததில் விலைமதிப்பற்ற நேரம் வீணாயிற்று. பின்னர் ஒரு சப் இன்ஸ்பெக்டரும் இரண்டு தலைமைக் காவலர்களும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். தங்கைக்குப் பதிலாகப் போலீஸைக் கூப்பிட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று அந்நாளில் மாநில உள்துறை அமைச்சராக இருந்தவரே கூறினார். நாம் மேலே சொன்ன இரண்டாவது குரல் அரசாங்கத்தின் வாயிலிருந்தே வந்தது! பெற்றோர் நேரில் போய் நின்றும் எல்லை பார்த்த நிலையம், அப்பெண் தொலைபேசியில் அழைத்திருந்தால் மட்டும் ஓடோடி வந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

இரண்டே நாளில் நால்வர் கைது செய்யப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அனைவரும் லாரித் தொழிலில் இருந்தவர்கள். ஷாத்நகர் போலீஸ் நிலையத்தின் முன் பெருங்கூட்டம் திரண்டு, அவர்களைத் தன் கையில் ஒப்படைக்கும்படி முழங்கியது. நால்வரையும் நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்ல வழியில்லாமல், காவலில் வைக்கும் உத்தரவைப் பிறப்பிக்க வேண்டிய அதிகாரி போலீஸ் நிலையத்துக்கே வர நேர்ந்தது. அவர்களுக்காக வாதாடுவதில்லை என்று உள்ளூர் வழக்கறிஞர்கள் முடிவு செய்தார்கள். குற்றம் செய்தவர்களைப் பொதுமக்கள் கையில் விட்டுவிட வேண்டும் என்ற பேச்சு நாடாளுமன்றத்திலேயே ஒலித்தது. நால்வரில் ஒருவருடைய மதத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக் கைப்பேசி வழியே பரப்பியவர்களும் இருந்தார்கள். இறந்த பெண்ணுக்காக எழுந்த துயரம் அதற்குள்ளாகவே வேறு காரியங்களுக்குப் பயன்படத் தொடங்கிவிட்டது.

டிசம்பர் 6ஆம் நாள் விடியற்காலை, குற்றம் நடந்த இடத்தைக் காட்டுவதற்காக அழைத்துச் செல்லப்பட்ட நால்வரும் சட்டான்பள்ளியில் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். துப்பாக்கியைப் பிடுங்கித் தாக்க முற்பட்டதால் சுட நேர்ந்தது என்று போலீஸ் தரப்பில் கூறப்பட்டது. செய்தி பரவியதும் மக்கள் திரண்டு வந்து போலீஸார் மீது மலர் தூவினார்கள். பெண்கள் அவர்கள் கையில் ராக்கி கட்டினார்கள். இனிப்பு வழங்கினார்கள், பட்டாசு கொளுத்தினார்கள். பெண்ணை இழந்த தந்தை போலீஸாருக்கு நன்றி கூறினார். மகளைப் பறிகொடுத்தவரின் சொல்லை எடைபோட நமக்கு உரிமையில்லை. ஆனால் மலர் தூவிய கூட்டம் மகளை இழந்த கூட்டமன்று. அதனுடைய மகிழ்ச்சியைப் பற்றிக் கேள்வி கேட்கலாம்.

மறுநாளே, அப்போது உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த பாப்டே அவர்கள் ஜோத்பூரில் பேசும்போது, நீதி என்பது நொடியில் கிடைக்கக்கூடியதன்று என்றும், பழிவாங்கலாக மாறும்போது அது தன் இயல்பை இழந்துவிடுகிறது என்றும் கருத்துரைத்தார். முன்னாள் நீதிபதி சிர்புர்கர் தலைமையில் மூவர் கொண்ட விசாரணைக் கமிஷன் ஒன்றை உச்ச நீதிமன்றம் நியமித்தது. அம்மூவரில் ஒருவர் மத்தியப் புலனாய்வுத் துறையின் இயக்குநராக இருந்த தமிழர் கார்த்திகேயன். கமிஷனின் அறிக்கை 2022 மே மாதம் வெளியாயிற்று. துப்பாக்கியைப் பிடுங்கினார்கள் என்ற கதை நம்பத்தக்கதன்று என்றும், கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டனர் என்றும் அது கண்டது. இறந்த நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் கூறியது. பத்துப் போலீஸார் மீது கொலைக் குற்றத்துக்கு விசாரணை நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. விஷயம் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது.

இங்கே நாம் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரை விசாரணையின்றிக் கொல்வது அவருக்கு இழைக்கும் அநீதி என்று பலர் கூறுவர். அது உண்மையே. ஆனால் இறந்துபோன பெண்ணுக்கும் அது அநீதி என்பதைச் சிலரே எண்ணுகிறார்கள். அவருக்கு நேர்ந்தது இன்னது, செய்தவர் இன்னார், இன்ன சாட்சியத்தால் அது மெய்ப்பிக்கப்பட்டது என்று ஒரு நீதிபதி எழுதிக் கையொப்பமிட்ட தீர்ப்பு இன்றுவரை இல்லை. இனிமேல் வரப்போவதும் இல்லை. கொன்றவர் அந்த நால்வர்தாம் என்பதற்கு எஞ்சியிருப்பது போலீஸாரின் கூற்று ஒன்றே. அந்தக் கூற்றை அவையில் வைத்துச் சோதிக்க வழியின்றிப் போயிற்று. எல்லை பார்த்துப் பெற்றோரைத் திருப்பி அனுப்பியவர்களைப் பற்றிய கேள்வியும் பட்டாசுச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று. பத்து நாட்களுக்கு முன்னர் கைவிரித்த அதே துறை, பத்தாம் நாள் மலர் மழையில் நனைந்தது. இதில் இலாபம் அடைந்தது யார் என்று அன்பர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

அப்படியானால் மக்கள் சினங்கொள்ளக் கூடாதா? கொள்ளத்தான் வேண்டும். சினமற்ற சமுதாயத்தில் ஏழைப் பெண்ணின் கொலை ஒரு காகிதக் கட்டாக அலமாரியில் உறங்கிவிடும். 1999 ஏப்ரலில் டில்லியில் ஒரு விருந்தின்போது, மது பரிமாற மறுத்த இளம்பெண் பலர் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் செல்வாக்குள்ள அரசியல்வாதியின் மகன். முக்கியமான சாட்சிகள் பிறழ்ந்தார்கள். 2006 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். இந்தியா கேட் அருகே மெழுகுவத்தி ஏந்தி நின்றார்கள். பத்திரிகைகள் ஓயாமல் எழுதின. அதே ஆண்டு டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் அந்த விடுதலையை மாற்றி ஆயுள் தண்டனை விதித்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின்னரும் நாடு கொந்தளித்தது. அந்தக் கொந்தளிப்பின் பயனாக நீதிபதி வர்மா தலைமையில் ஒரு குழு அமைந்தது. பொதுமக்களிடமிருந்து வந்த ஏறக்குறைய 80,000 யோசனைகளைப் பரிசீலித்து 2013 ஜனவரியில் அது அறிக்கை அளித்தது. அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டது. பெண்களுக்கு எதிரான கொடுங்குற்றங்களைப் பற்றிய புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் போலீஸ் ஊழியருக்குச் சிறைத்தண்டனை என்ற விதி அப்போதுதான் வந்தது. இவ்விரண்டிலும் மக்களின் சினம் நீதிமன்றத்தையும் சட்டமன்றத்தையும் நோக்கி நடந்தது. "சரியாக விசாரியுங்கள், சட்டத்தைத் திருத்துங்கள்" என்று கேட்டது. 2019இல் எழுந்த சினமோ விசாரணையே வேண்டாம் என்றது. முன்னது நீர் பாய்ச்சிய வாய்க்கால். பின்னது கரையுடைத்த வெள்ளம்.

"போலீஸார் பிடித்துவிட்டார்கள், அவனே ஒப்புக்கொண்டுவிட்டான், இனி விசாரணை எதற்கு?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு 2017 செப்டம்பரில் குருகிராமில் நடந்ததை நினைவூட்டுகிறோம். அங்கே கொலையுண்டது ஒரு சிறுவன். இரண்டாம் வகுப்புக் குழந்தை. பள்ளிப் பஸ்ஸின் நடத்துநர் ஒருவர் அன்றே கைது செய்யப்பட்டார். குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டதாகப் போலீஸார் அறிவித்தனர். அவருக்காக வாதாட உள்ளூர் வழக்கறிஞர்கள் மறுத்தார்கள். நாடெங்கும் அவரைத் தூக்கிலிடச் சொன்னார்கள். பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணையை ஏற்று, நவம்பரில் அதே பள்ளியின் மேல் வகுப்பு மாணவர் ஒருவரைக் கைது செய்தது. நடத்துநருக்கு எதிராகச் சான்று ஏதும் இல்லை என்று கண்டு 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. செப்டம்பரிலேயே ஒரு கூட்டம் அவரைத் தன் கையில் பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எளியவர், ஏழை, எடுத்துப் பேச ஆளில்லாதவர் ஆகியோர் மீதுதான் முதற்பழி எளிதில் ஒட்டிக்கொள்கிறது. மொழி தெரியாத வெளியூர்க்காரரும் அந்த வரிசையில்தான் நிற்கிறார்.

வழக்கறிஞர் சங்கங்கள் கூடி, இன்னாருக்காக வாதாடுவதில்லை என்று தீர்மானிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கு நம் கோயம்புத்தூரிலிருந்து சென்றது என்பது குறிப்பிடத்தக்கது. தமக்கு விருப்பமான வழக்கறிஞரின் துணையைப் பெறுவது கைதானவர் ஒவ்வொருவருக்கும் அரசியலமைப்பு வழங்கியுள்ள உரிமை. வாதாட ஒருவர் இருந்தால்தான் சாட்சியம் உரைத்துப் பார்க்கப்படும். உரைத்துப் பார்த்து நிற்கும் தீர்ப்பைத்தான் எவரும் பின்னாளில் ஐயுற முடியாது.

தீர்ப்பில்லாமல் முடிந்துபோன வழக்கு எவ்வாறு ஆறாத புண்ணாக நின்றுவிடுகிறது என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2016 ஜூன் 24ஆம் நாள் காலை சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், வேலைக்குச் செல்ல வண்டிக்குக் காத்திருந்த இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அவருடைய உடல் நடைமேடையிலேயே கிடந்தது. கொலையாளி யார் என்று தெரியுமுன்னரே சிலர் ஒரு மதத்தின் மேல் பழியைப் போட்டார்கள். ஜூலை முதல் நாள் இரவு அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் இளைஞர் கைதானபின், பேச்சு சாதியின் பக்கம் திரும்பியது. செப்டம்பர் 18ஆம் நாள் அவர் புழல் சிறையில் இறந்தார். தற்கொலை என்றது சிறைத்துறை. குடும்பத்தார் ஏற்க மறுத்தனர். விசாரணை நடக்கவே இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றியும் அந்த இளைஞரைப் பற்றியும் வாய்க்கு வந்தபடி பேசுவோர் இன்றும் உண்டு. மறுப்பதற்குக் கையில் ஒரு தீர்ப்பு இல்லாததால் இரண்டு குடும்பங்களும் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே அன்பர்கள் மனங்கொள்ள வேண்டிய சில உண்டு. தொலைபேசியில் 112 என்ற எண்ணும், பெண்களுக்கான 181 என்ற எண்ணும் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே கூறுகிறது. எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பினால் அப்பிரிவின் பெயரைச் சொல்லி நில்லுங்கள். மொழி தடையாக இருந்தால், அவ்வூர் மொழி அறிந்த ஒருவரைச் சங்கத்திலிருந்து துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவானாலும் தயங்க வேண்டா. சங்கம் என்பது பொங்கல் விழாவுக்கு மட்டும் கூடுவதன்று.

மானக்கேட்டுக்கு ஆளாகிக் கொலையுண்ட பெண்ணின் பெயரையும் படத்தையும் பரப்புவது சட்டப்படி குற்றம். இரண்டாண்டு வரை சிறை உண்டு. ஹைதராபாத் பெண்ணுக்கு 'திசா' என்று மாற்றுப்பெயர் இட்டதும் அதனாலேயே. இரக்கத்தினால் அனுப்புகிறோம் என்பது சமாதானமாகாது. கைதானவரின் சாதி, மதம், ஊர் ஆகியவற்றை எழுதி வரும் செய்தி நம் கையோடு நிற்கட்டும். அடுத்தவர் கைக்குப் போக வேண்டா.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் சினம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடாமல் இருக்கட்டும். வழக்கு நடக்கும் ஆண்டுகளில் பெற்றோர் தனித்துப் போகிறார்கள், சாட்சிகள் அச்சுறுத்தப்படுகிறார்கள், வாய்தா மேல் வாய்தா விழுகிறது. கூட்டம் கலைந்துபோன அந்நாளில்தான் துணை தேவைப்படுகிறது. விசாரணை நாளன்று நீதிமன்றத்துக்கு வந்து அந்தத் தாய்தந்தையருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நான்கு பேர், பாலத்தின்மேல் நின்று மலர் தூவும் நாலாயிரம் பேரைவிட அந்தப் பெண்ணுக்கு நெருங்கிய உறவினர் ஆவார்கள். அந்த நால்வரில் ஒருவராக இருக்க நம் சங்கத்து அன்பர்கள் ஒவ்வொருவரும் உறுதி கொள்வார்களாக.