மஞ்சள் பையால் மானம் போகுமா?

ஒரு காலத்தில் மதுரையில் கல்யாண வீட்டுக்குப் போனவர்கள் தாம்பூலம் போட்ட மஞ்சள் பையோடு திரும்புவார்கள். ஜவுளி எடுத்தாலும் அதே பைதான். அது பல மாதங்கள் சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் உழைக்கும். பிறகு பாலிதீன் பை வந்தது. கனமில்லை, காசுமில்லை. மஞ்சள் பையுடன் பஸ்ஸை விட்டு இறங்கியவரைப் 'பட்டிக்காட்டான்' என்று நகரம் கேலி செய்தது.

அந்தக் கேலியின் பலனை ஊர் இன்று அனுபவிக்கிறது. ஓட்டலில் சாம்பாருக்கு ஒரு பை, சட்னிக்கு ஒரு பை. அரை மணி நேர உபயோகம், அப்புறம் குப்பை. துணியைப் போல் அது மண்ணில் மக்குவதில்லை. வாய்க்காலை அடைத்து, கண்மாய்க்குப் போகும் மழைத் தண்ணீரை மறிக்கிறது. வைகையில் சேருகிறது. மிச்சச் சோற்றுக்காகப் பையையும் சேர்த்து விழுங்கும் மாடு வயிறு அடைத்துச் சாகிறது. எரித்தாலோ நச்சுப் புகை!

பேராசிரியர் கண்ட வழி

இதற்கு மதுரையிலேயே ஒருவர் வழி தேடினார். தியாகராசர் பொறியியற் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் ஆர்.வாசுதேவன், ஜல்லியைச் சூடாக்கி, நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினார். அது உருகி ஜல்லியின்மேல் பூச்சாகப் படிந்தது. தாரைச் சேர்த்ததும் பிடிப்பு உறுதியாயிற்று. தண்ணீர் இறங்குவதும் குறைந்தது. 2002-ல் கல்லூரி வளாகத்தில் இப்படிச் சாலை போடப்பட்டது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கும் சாலைக்கு ஆகாது. பி.வி.சி. வகை சூடேறினால் நச்சு வாயு கிளம்பும். எச்சில் பைகளைப் பிரித்துக் கழுவ ஆட்களும் வேண்டும். சேர்ந்துவிட்ட குப்பைக்குத்தான் சாலை வழி. சேராமல் தடுப்பது வீட்டார் கையில்.

சட்டம் மட்டும் போதுமா?

ஒரு முறை உபயோகித்து எறியும் பை, தட்டு, குவளை முதலியவற்றுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பர் 23-ல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். கேலிக்கு ஆளான பையே அரசாங்கத்தின் சின்னமாயிற்று!

ஆயினும், வாங்குபவர் கையை வீசிக்கொண்டு வந்தால் சிறு கடைக்காரர் என்ன செய்வார்? பை தராவிட்டால் வியாபாரம் அடுத்த கடைக்குப் போய்விடும் என்று அஞ்சுகிறார். அவரை மட்டும் குறை கூறுவதில் நியாயமில்லை.

தொடங்கும் இடம் வீட்டு வாசல்தான். கதவோரம் ஆணியில் ஒரு பை. சாம்பார் வாங்க ஒரு தூக்குவாளி. புதுப் பைகளாக வாங்கிக் குவிப்பதிலும் பயனில்லை. பருத்தி விளையவும் தண்ணீர் வேண்டும் அல்லவா? பழைய வேட்டியில் தைத்த பையே போதும். அதைக் கிழியும் வரை உபயோகிப்பதில்தான் லாபம்.

மஞ்சள் பை தூக்குவதால் யாருடைய மானமும் போய்விடாது. வைகையின் மானம் நிச்சயம் காப்பாற்றப்படும்.