சம்பள வர்த்தமானியில் கிலோவும் எழுதப்பட வேண்டும்

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தைப் பாராளுமன்றமே நேரடியாக நிர்ணயிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. தான் கொடுத்த அதிகாரம் எப்படிக் கையாளப்படுகிறது என்பதை அது கவனிக்க வேண்டும். வர்த்தமானியில் சம்பளத்தோடு, அதைப் பெறப் பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோவும் எழுதப்பட வேண்டும். கினிகத்தேனையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழும் எமது மன்றத்தாரின் நிலைப்பாடு இது.

பாராளுமன்றம் தன் சட்டமியற்றும் அதிகாரத்தைக் கைவிடவோ பிறருக்குத் தாரைவார்க்கவோ கூடாது என்கிறது அரசியலமைப்பின் 76ஆம் உறுப்புரை. குறித்த நோக்கங்களுக்காகச் சார்நிலைச் சட்டம் ஆக்கும் அதிகாரத்தை ஓர் ஆளுக்கோ ஒரு சபைக்கோ வழங்கலாம் என்றும் அதே உறுப்புரை இடமளிக்கிறது. எங்கள் சம்பளம் இந்த வழியாகத்தான் வருகிறது. அதற்கு அடிப்படை 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். அதன்படி சம்பளச் சபையில் முதலாளிமாரும் தொழிலாளர் பிரதிநிதிகளும் நியமன உறுப்பினர்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும், எதிர்ப்புகளைக் கேட்க வேண்டும், அதன் பிறகே அமைச்சர் அங்கீகரித்து வர்த்தமானியில் வெளியிட வேண்டும். நல்ல முறைதான். அதைக் குறுக்குவழியில் தாண்டப் பார்த்தால் நட்டம் எங்களுக்கே.

2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் 1,700 ரூபாய் அறிவிக்கப்பட்டது. வர்த்தமானியும் வந்தது. தங்களை முறைப்படி கேட்காமல் எடுத்த முடிவு என்று பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; பிறகு வர்த்தமானியே மீளப் பெறப்பட்டது. செப்டம்பரில் சட்டமாகக் கைக்கு வந்தது 1,350 ரூபாய். 2021இல் சம்பளச் சபை வழியாக வந்த 1,000 ரூபாயையும் கம்பனிகள் எதிர்த்து வழக்காடின. ஆனால் அந்தச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. எந்த மேடையில் எந்தத் தலைவர் அறிவித்தாலும், சபையில் முறையாகப் பேசி எடுத்த தீர்மானத்தையே நாங்கள் நம்புவோம்.

அந்த 1,000 ரூபாய் வந்தபோதுதான் பெரிய ஓட்டை தெரிந்தது. தொழிற்சங்கங்களுக்கும் கம்பனிகளுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம் முடிவுக்கு வந்திருந்தது. ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ கொழுந்து என்பதை வர்த்தமானி சொல்லவில்லை. தோட்டங்களில் கிலோ ஏறியது. நிறை குறைந்தால் அரைப் பேர், இல்லையென்றால் எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு. மாசி, பங்குனி வெயிலில் கொழுந்து காய்ந்துவிடும். வட்டவளைப் பக்கம் அடைமழை பிடித்தால் மலையில் கால் ஊன்றவே முடியாது. அப்போதும் தராசு அதே கிலோவைத்தான் கேட்கிறது. சம்பளத்தைச் சட்டம் சொல்லி, அதைப் பெறுவதற்கான நிபந்தனையைத் தோட்டத் துரையின் விருப்பத்துக்கு விட்டால், சட்டம் ஆக்கும் அதிகாரம் உண்மையில் போய்ச் சேர்ந்திருப்பது தோட்ட நிர்வாகத்திடம். அந்த அதிகாரத்தை அவர்களுக்குப் பாராளுமன்றம் எப்போதும் வழங்கியதில்லை.

பாராளுமன்றத்தின் மேல் எங்களுக்குக் கண்மூடித்தனமான நம்பிக்கை கிடையாது. எங்களை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அங்கே வாக்களித்து நிறைவேறியதுதான். பிரதேச சபையின் பணம் தோட்டத்துக்குள் வரத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவும் அங்கே பிறந்ததுதான். அதைத் திருத்த 2018 வரை காத்திருந்தோம். ஆனாலும் அங்கே யார் என்ன பேசினார் என்பது பாராளுமன்றப் பதிவான ஹன்சாட்டில் இருக்கிறது. சம்பளச் சபையில் யார் என்ன பேசினார் என்பது தொழிலாளர் காலையில் கூடும் எந்தப் பெரட்டுக்களத்துக்கும் வந்து சேருவதில்லை.

2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் 1,550 ரூபாய் சம்பளத்தோடு அரசின் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 என்றது. எங்கள் நாட்சம்பளத்தின் ஒரு பகுதியைப் பாராளுமன்றம் விவாதிக்க முடியும் என்றால், மீதியையும் விவாதிக்கலாம்.

ஆகவே 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தைத் திருத்துங்கள். பெருந்தோட்டங்களுக்கான ஒவ்வொரு சம்பளத் தீர்மானத்திலும் கிலோ அளவும், கொழுந்து குறையும் மாதங்களுக்கான தளர்வும் இருக்க வேண்டும். தீர்மானம் காரணங்களோடு பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். எதிர்ப்புத் தெரிவிக்கும் அவகாசம் முடியும் முன்பே அதன் தமிழ்ப் பிரதி ஒவ்வொரு பெரட்டுக்களத்திலும் ஒட்டப்பட வேண்டும். கொழும்புப் பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரத்தைக் காட்டி, எங்களிடம் கேட்டாயிற்று என்று சொல்வதை ஏற்க மாட்டோம்.

இந்த அறிக்கையை நுவரெலியா மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும், கட்சி பார்க்காமல் அனுப்புகிறோம். இத்தகைய திருத்தத்தைத் தனிநபர் சட்டமூலமாகவேனும் கொண்டுவரச் சம்மதமா என்று ஒவ்வொருவரிடமும் எழுத்தில் பதில் கேட்டிருக்கிறோம். வரும் பதில்களையும், பதில் தராதவர்களின் பெயர்களையும் தோட்டந்தோட்டமாக வாசித்துக் காட்டுவோம்.