விற்ற வண்டி நின்றதேன்?

எக்கோஸ்போர்ட்! மறைமலைநகரில், ஃபோர்டு கம்பெனியின் ஆலையில் பிறந்த வண்டி. 2013-ல் சந்தைக்கு வந்தபோது, முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடந்தனர் மக்கள். நாலு மீட்டருக்கு உட்பட்ட சிறு கார்களுக்கு வரி குறைவு. அந்த அளவுக்குள்ளே உயரமான எஸ்.யு.வி. வண்டியை அடக்கிக் காட்டினர். 2018 தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தைக்கே அது இங்கிருந்து போயிற்று. அமெரிக்கக் கம்பெனியின் வண்டியை அமெரிக்கனுக்கே செய்து அனுப்பினான் மறைமலைநகர்த் தொழிலாளி!

அந்த வண்டி என்ன ஆயிற்று? 2021 செப்டம்பர் 9-ல் வந்தது அறிவிப்பு: இந்தியாவில் கார் உற்பத்தி நிறுத்தம்! 2022 ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வாயிலைக் கடந்தது; ஆலையில் அமைதி சூழ்ந்தது.

ஏன்? எதனால்?

தொழிலாளி கொடி பிடித்தான், கோஷமிட்டான், அதனால் ஆலை போயிற்று என்று கதைப்போர் உண்டு. தேதியைப் பாருங்கள், தோழர்களே! மூடுவிழா அறிவிப்பு 2021 செப்டம்பரில். இழப்பீடு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியது 2022 மே மாத இறுதியில். வீடு இடிந்த பின் எழுந்த அழுகுரல், வீட்டை இடித்ததென்று கூறுவதா?

கம்பெனி சொன்ன காரணம் வேறு: பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம். நட்டம் வந்த வழி எது?

கார் ஆலை என்பது பெரும் அடுப்பு. ஒரு பானை வைத்தாலும், பத்துப் பானை வைத்தாலும், எரிக்கும் விறகு ஏறத்தாழ ஒன்றே. மறைமலைநகர் போதாதென்று 2015-ல் குஜராத்தின் சானந்தில் இன்னோர் ஆலை திறந்தனர். அடுப்பு இரண்டு, ஏற்றி வைக்கப் பானை இல்லை! உற்பத்தித் திறனில் பெரும்பகுதி சும்மா கிடந்தது.

சந்தை காத்திருந்ததா? 2016-ல் மாருதியின் பிரெஸ்ஸா, 2017-ல் டாட்டாவின் நெக்ஸான், 2019-ல் ஹூண்டாயின் வென்யூ, 2020-ல் கியாவின் சோனெட். எக்கோஸ்போர்ட் திறந்த பாதையில் எதிரிகள் அணிவகுத்தனர். ஃபோர்டோ முகத்தை மாற்றியது, என்ஜினை மாற்றியது. புது வண்டி மட்டும் தரவில்லை. புது வண்டிக்குப் பெருமுதல் வேண்டும். அதைப் பங்கிட்டுக்கொள்ள 2019-ல் மகிந்திராவோடு போட்ட கூட்டு ஒப்பந்தம் 2020 கடைசி நாளோடு கலைந்தது. 2021 ஜனவரியில், எக்கோஸ்போர்ட்டின் தாயகமான பிரேசிலிலும் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. மின்சார வண்டிகளை நோக்கித் தலைமையகத்தின் பணம் திரும்பியது.

இலாபம் வரும் இடத்துக்கு முதல் பறந்துவிடும். அதற்குச் சிறகு உண்டு. தொழிலாளிக்கு உண்டா? வாடகை வீடும், பிள்ளையின் பள்ளிக்கூடமும், வாங்கிய கடனும் அவனை இங்கேயே கட்டிப்போட்டுள்ளன. சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவர் என்று கம்பெனியே கூறியது. உதிரிப்பாகம் செய்யும் பட்டறைக்காரரை, விற்பனைக் கூடத்துப் பணியாளரை அந்தக் கணக்கில் சேர்த்தவர் யார்? இரண்டாவது ஆலை வேண்டுமென்று தீர்மானித்தது தொழிலாளியா? புது வண்டி வேண்டாமென்று ஒதுக்கியது தொழிலாளியா? தீர்ப்பு எழுதியது ஓரிடம். தண்டனை பெற்றது வேறிடம்!

2024 செப்டம்பரில் ஆலையை மீண்டும் திறக்க விருப்பக் கடிதம் தந்தது ஃபோர்டு. 2025 அக்டோபர் 31-ல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 3,250 கோடி ரூபாயில் என்ஜின் உற்பத்தி, 2029-ல் தொடக்கம் என்பது திட்டம். வரட்டும், வரவேற்போம்! ஆனால் வாயிலில் மாலையோடு நிற்கும்போதே கேள்வியோடும் நிற்போம்.

கார் ஆலைகளில் பணிபுரியும் தோழர்களே! சம்பள உயர்வு கேட்கும் மேசையில் இன்னொன்றும் கேளுங்கள்: "இந்த வண்டிக்குப் பின் எந்த வண்டி?" பதில் வராத நாள்தான் ஆலைக்குப் பூட்டு தயாராகும் நாள். அன்றே விழித்துக்கொள்ளும் சங்கம், பேரம் பேசும் வலுவோடு பேசும். பூட்டு தொங்கிய பின் விழிப்பது, இழப்பீட்டுக்கு மட்டுமே வாதாடும்.