பதினாறாவது மணித்தியாலம்

2010இன் தொடக்கத்தில் லண்டனில் ஒரு தமிழ்க் கடையில் வாரத்துக்கு 10 மணித்தியாலம் வேலை செய்தேன். கணவரை விட்டு வந்து இரண்டு வருடம். மகனுக்கு ஆறு வயது. அன்றைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.80 பவுண்ஸ். வாரம் 58 பவுண்ஸ் வரும். உதவிப்பணம் பெறுகிற தனித்தாய் தன் சம்பளத்தில் 20 பவுண்ஸை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. மிச்சம் 38 பவுண்ஸும் உதவிப்பணத்தில் வெட்டப்பட்டது. ஆக, என் ஒரு மணித்தியால உழைப்புக்கு 2 பவுண்ஸ். பஸ் காசும் அதற்குள்தான்.

அப்படியென்றால் கூட வேலை செய்திருக்கலாமே என்பீர்கள். அங்கேதான் அடுத்த விதி நிற்கிறது. வாரத்தில் 16 மணித்தியாலத்தைத் தொட்டால் உதவிப்பணம் முழுவதும் நின்றுவிடும். அதற்குப் பதிலாக, வேலை செய்வோருக்கான வரிச்சலுகைப் பணத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை சாப்பாட்டுக்கு என்ன செய்வது? மகனின் இலவசப் பாடசாலைச் சாப்பாடும் போய்விடும். பிள்ளை பராமரிப்புச் செலவில் 80 வீதம் வரை அரசு தரும். ஆனால் பராமரிப்பவர் பதிவுசெய்தவராக இருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குக் கடை பூட்டும்வரை பிள்ளை பார்க்கிற ஒருவரையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

முதலாளிக்கு இந்த விதி என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. "தங்கச்சி, பின்னேரமும் நில்லுங்கோ. கூட நிக்கிற மணித்தியாலத்தைக் கணக்கில போடாமல் கையில தாறன், மூண்டு பவுண்ஸ்படி" என்றார். நான் பயத்தில் மறுத்தேன். மறுக்க வழியில்லாத பெண்களையும் அதே கடையில் பார்த்தேன். சட்டம் ஒரு கோட்டைக் கிழித்துக் கொடுக்கிறது. முதலாளி அந்தக் கோட்டுக்குக் கீழே கடை போடுகிறார்.

எங்கள் சனம் என்ன சொன்னது? "கவுண்மென்ட் காசில சொகுசா இருக்கிறாள். வேலைக்குப் போகப் பஞ்சி." கோயிலிலும் பிறந்தநாள் வீடுகளிலும் இதைச் சொன்னவர்களில் பெண்களும் இருந்தார்கள். பிள்ளைக்கு ஒரு சதமும் தராத தகப்பனைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

அதே வருடம் ஒக்டோபரில் விதி இன்னொரு பக்கம் இறுகியது. 2008 வரை, கடைசிப் பிள்ளைக்கு 16 வயதாகும்வரை தனித்தாய் வேலை தேடத் தேவையில்லை. அந்த வயதெல்லை 12 ஆகி, 10 ஆகி, 2010இல் 7 ஆனது. 2012 மே மாதத்தில் 5. மகனுக்கு ஏழு வயதானதும் நான் வேலை தேடுவோர் பட்டியலில் சேர்க்கப்பட்டேன். இரண்டு கிழமைக்கொருமுறை போய்க் கையெழுத்து வைத்து, வேலை தேடியதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஆனால் 16 மணித்தியாலக் கோடும் 20 பவுண்ஸ் கணக்கும் அங்கேயும் அப்படியே இருந்தன.

இன்று யுனிவர்சல் கிரெடிட் வந்துவிட்டது. 16 மணித்தியாலக் கோடு இல்லை. ஓர் எல்லைக்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு பவுண்டிலும் 55 பென்ஸ் வெட்டு. 2023 ஒக்டோபரிலிருந்து மூன்று வயதுப் பிள்ளையின் தாயிடமும் வாரம் 30 மணித்தியாலம் வரை கேட்கலாம். அன்று கூடச் செய்யாதே என்று தண்டித்த அரசு இன்று குறையச் செய்யாதே என்று தண்டிக்கிறது.

இரண்டு கணக்கிலும் ஒரு வேலை எழுதப்படவேயில்லை. என் மகனை இன்னொரு பெண் பார்த்தால் அது வேலை. அதற்குக் கூலி கொடுக்க அரசு பணம் தரும். நானே பார்த்தால் அது சும்மா இருத்தல்! 1974இல் ஃபைனர் குழு, தனிப்பெற்றோர் குடும்பங்களுக்கு உத்தரவாதமான பராமரிப்புத் தொகை வேண்டும் என்று பரிந்துரைத்தது. எந்த அரசும் அதை நிறைவேற்றவில்லை.

நான் தர்மம் கேட்கவில்லை. உழைத்த காசு என் கையில் இருக்க வேண்டும். ஒரு பணம் நிற்பதற்கு முன் மற்றது வர வேண்டும். எத்தனை மணித்தியாலம் வெளியே, எத்தனை வீட்டில் என்பதைப் பிள்ளையின் முகம் பார்த்து நான் முடிவெடுக்க வேண்டும்.

மணித்தியாலத்தை எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால், நான் எழும்பும் காலை ஐந்து மணியிலிருந்து எண்ணுங்கள்.