சினைப் பன்றிக்கு 260 கிலோ தீவனம் கேட்கிறோம்!

குத்தம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் பன்றி வளர்க்கும் சிறு விவசாயிகளே!

"எச்சில் சோத்தைப் போட்டு வளர்க்கிறவனுக்கு என்ன கோரிக்கை?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறோம்.

பன்றியின் சினைக்காலம் 114 நாள். முதல் 84 நாளைக்குத் தினம் 2 கிலோ கலப்புத் தீவனம். வயிற்றில் குட்டி வேகமாக வளரும் கடைசி 30 நாளைக்கு 3 கிலோ. மொத்தம் 258 கிலோ. 260 என்றே வைப்போம். மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு, தாது உப்பு எல்லாம் சேர்ந்தால்தான் அது தீவனம்.

பூந்தமல்லி, திருமழிசை ஓட்டல்களில் நாம் அள்ளி வரும் வாளியில் முக்கால்வாசி தண்ணி. வயிறு ரொம்பும், சத்து ரொம்பாது. குட்டி எடையில்லாமல் விழும், தாய்க்குப் பால் ஊறாது. என் கொட்டகையிலேயே ஒரு ஈற்றில் ஒன்பது குட்டி போட்டு நாலுதான் தேறிச்சு. விதி என்று நினைத்தேன். விதி இல்லை அய்யா, தீவனம்!

நம்ம தப்பையும் சொல்லணும். மலிவாகக் கிடைக்குது என்று பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைச் சினைக்குப் போடாதீர்கள். ஓட்டல் கழிவை அரைமணி நேரம் கொதிக்க வைக்காமல் ஊற்றாதீர்கள். 2020-ல் அசாமில் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2023-ல் முதுமலைக் காட்டுப்பன்றி வரை வந்துவிட்டது. மனுசனுக்குத் தொற்றாது, பன்றிக்கு வந்தால் மருந்தில்லை.

ஆனால் எல்லாப் பழியும் நம் தலையிலா? 2021-ல் மாற்றியமைத்த தேசியக் கால்நடை இயக்கத்தில் 100 பெண்பன்றி, 10 ஆண்பன்றி வைத்தால் 30 லட்சம் வரை மானியம். ரெண்டு தாய்ப்பன்றி வைத்திருக்கிற நமக்கு? சென்ட் கணக்கில் மனை விற்கிற இந்த ஊரில் 100 பன்றிக்கு இடம் ஏது? காட்டாங்குளத்தூர் பக்கம் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் பயிற்சி தருகிறது. படித்து வந்ததைச் செய்யக் கையில் காசு வேண்டாமா? கறவை மாட்டுக்கு ஆவின் சங்கம் வழியாகத் தீவனம் கிடைக்கிறது, நல்லது. சினைப் பன்றியும் உயிர்தானே!

அரசே!

* சினைப் பன்றி ஒன்றுக்கு 260 கிலோ தீவனம் மானிய விலையில் கொடு!
* இரண்டு தாய்ப்பன்றி வைத்திருப்பவரையும் திட்டத்தில் சேர்!
* கால்நடை மருத்துவரை மாதம் ஒருமுறை கொட்டகைக்கு அனுப்பு!
* நோய்க்காக அழிக்கும் பன்றிக்கு இழப்பீட்டை உடனே வழங்கு!

வாளியைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள், கூடிக் கேட்போம்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம், குத்தம்பாக்கம்